பிந்தி விட்ட பலூன்

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள பிலோமினா அக்காவுக்கு,

ஆண்டவர் துணையால் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் காது எப்படி, இரத்த அழுத்தம் எப்படி என்று மறைக்காமல் எழுதவும். ஷெரோன் வாங்கி அனுப்பிய காதுக் கருவியை நீங்கள் பெட்டியோடு அலுமாரிக்குள் வைத்திருக்கிறீர்களாம். உங்கள் மகள் என்னிடம் குறை சொன்னாள். தொலைபேசியில் நீங்கள் ஒன்று கேட்க, நான் வேறொன்று சொல்ல, கடைசியில் இருவரும் கத்துவதைவிடக் கடிதமே மேல் என்று நீங்கள் சொன்னது சரிதான். எனக்கும் பேனா பிடிப்பது பழகிவிட்டது.

ஒரு புதினம். பொருட்கிடங்கு வேலையை விட்டபின் வீட்டில் சும்மா இருந்தேன் அல்லவா? இப்போது வாரத்தில் மூன்று நாள் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன். சிரிக்காதீர்கள். பறக்கும் தட்டு பார்க்கிற வேலை. ஐம்பதுகளில் இந்த மாகாணத்து ஆட்கள் வானத்தில் தட்டுப் போல, சுருட்டுப் போல, நெருப்புப் பந்து போல வெளிச்சம் கண்டதாக அரசாங்கத்துக்கு முறையிட்டிருக்கிறார்கள். அதிகாரிகள் வீடு வீடாகப் போய் விசாரித்துக் காரணம் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோப்புகள் இருபது பெட்டி. ஒவ்வொன்றையும் வாசித்து, அன்று சொன்ன காரணம் பொருந்துகிறதா என்று குறிக்கவேண்டும். குழுவின் தலைவி மாடாம் ஜோஸ்லின், நான் ஊரில் மூன்று வருடம் வானிலை நிலையத்தில் வேலை செய்ததைப் பார்த்துத்தான் என்னை எடுத்தார்.

பெரும்பாலும் சாதாரண விஷயம்தான். ஒரு ஆசிரியை கண்ட பச்சைத் தட்டு வெள்ளிக் கிரகம். ஒரு குருவானவர் கண்ட ஒன்பது வெள்ளைத் தட்டுகள், நகரத்து வெளிச்சம் வயிற்றில் பட்டுப் பறந்துபோன வாத்துகள். விண்கற்கள், விமான விளக்குகள், இன்னும் பல.

ஷெரோனும் பிள்ளைகளும் போன ஞாயிறு லவாலில் இருந்து வந்து சாப்பிட்டுப் போனார்கள். சின்னவன் என்னோடு பிரெஞ்சில்தான் கதைக்கிறான். நான் தமிழில் பதில் சொல்கிறேன். இருவருக்கும் விளங்குகிறது.

உங்கள் அன்புத் தம்பி,
கிறகரி


புன்னைத்துறை, திருகோணமலை
19 மே 2024

அன்புத் தம்பி கிறகரிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நான் நடமாடுகிறேன், அதுவே போதும். கருவியைப் போட்டால் காகம் கத்துவது காதுக்குள் இருந்து கத்துவது போல இருக்கிறது. கோயிலுக்கு மட்டும் போடுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தனி ஆள் என்று பாணைக் கடித்துவிட்டுப் படுக்காதே.

உன் புது வேலை நல்லது. ஷெரோனை இருபத்தொரு வயதில் படிக்கக் கூப்பிட்டு, உன் வீட்டில் வைத்திருந்து, தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் நின்று கட்டிக்கொடுத்தவன் நீ. உனக்கு இந்த வயதில் கதிரையில் இருந்து செய்கிற வேலை கிடைத்ததற்கு நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

ஒன்று கேட்கவேண்டும். அந்த ஆட்கள் வெளிச்சம் கண்டோம் என்று சொன்னார்களே, அது பொய்யென்று தெரிந்தபோது அவர்களுக்கு என்ன நடந்தது? வெளிச்சம் கண்டேன் என்று சொல்கிற எல்லாரும் பிழையானவர்களா? நீ வெளிச்சம் என்று எழுதியதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அத்தானை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனதும் ஒரு வெளிச்சத்துக்காகத்தானே. பட்டத்தில் விளக்குக் கட்டி ஏற்றிக் கடலில் நின்ற இயக்க வள்ளங்களுக்குச் சைகை காட்டினார் என்றுதானே சொன்னார்கள்.

ஓகஸ்டில் அவருக்கு இருபத்துமூன்றாவது ஆண்டு. பூசை சொல்லியிருக்கிறேன்.

உன் சுகத்துக்காக மன்றாடும்
அக்கா பிலோமினா


மொன்றியல்
30 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகம் அறிந்து ஆறுதல். நான் சாப்பிடுகிறேன். கவலைப்படவேண்டாம். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. ஜோன்-ரலோன் தெருவில் ஆட்கள் நடைபாதையெல்லாம் கதிரை போட்டு இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது: அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் கண்டது உண்மை. என்னவென்று விளங்கிக்கொண்டதுதான் பிழை. அதிகாரிகள் எழுதிய காரணமும் சிலவேளை பிழை. இந்த வாரம் வாசித்த ஒன்றைச் சொல்கிறேன்.

1957 ஒக்டோபர். ரஷ்யர்கள் முதல் செயற்கைக் கோளை விட்ட மாதம். எல்லாரும் வானத்தையே பார்த்துக்கொண்டு திரிந்த காலம். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் லாபெர்ஜ் என்ற பால்காரர், பொழுது பட்டு அரை மணித்தியாலத்தில், தன் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் வெளிச்சம் எழும்புவதைக் கண்டார். மெல்ல ஆடி ஆடி மேலே போனதாம். சத்தமே இல்லையாம். பொலிசுக்குச் சொன்னார். அவர்கள் வந்து தடி நட்டுத் திசை அளந்தார்கள். முதல் எழுதிய காரணம்: "சாட்சி மது அருந்தியிருக்கலாம்." அந்த மனிதர் வாழ்நாளில் குடித்ததில்லை. ஊர் சிரித்தது. அவருடைய மனைவி கோயிலில் முன்வரிசையை விட்டுப் பின்வாங்கிலுக்கு மாறி இருக்கத் தொடங்கினார்.

ஆறு கிழமைக்குப் பிறகுதான் சரியான காரணம் தெரியவந்தது. அது ஒரு வானிலைப் பலூன். இருட்டில் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று அடியில் சின்ன விளக்குக் கட்டி விடுவார்கள்.

இன்னும் எழுத இருந்தது. கை வலிக்கிறது. அடுத்த முறை.

அன்புடன்,
கிறகரி


புன்னைத்துறை
4 ஓகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதம் உன்னை நல்ல சுகத்தோடு காணட்டும். எனக்கு வழக்கமான கால் வீக்கம் தவிர வேறொன்றும் இல்லை.

நேற்று அத்தானுடைய பூசை. இருபது பேர் அளவில் வந்தார்கள். முன்பு வராத இரண்டு குடும்பமும் வந்தது. காலம் போனால் ஆட்களும் மறக்கிறார்கள் போலும். வந்தவர்களுக்குத் தேநீரும் பணிஸும் கொடுத்தேன்.

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். பால்காரரின் மனைவி பின்வாங்கிலில் போய் இருந்ததை வாசிக்கும்போது கண் கலங்கிவிட்டது. தம்பி, நீயும் இங்கே ஊர் வானிலை நிலையத்தில் பலூன் விட்டவன்தானே? மத்தியானச் சாப்பாட்டை நான் கொண்டுவந்து தரும்போது வெள்ளையாய் ஒன்று மேலே போவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பலூனுக்கும் விளக்குக் கட்டுவீர்களா? நான் பகலில் மட்டும்தான் பார்த்தது. அதனால் கேட்கிறேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அக்கா


மொன்றியல்
29 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் காலுக்கு மருந்து எடுங்கள்.

எங்கள் பின்னேரப் பலூன் அஞ்சரைக்கு விடுவது. அப்போது நல்ல வெளிச்சம். விளக்குத் தேவைப்படுவதில்லை.

வேலை கூட. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

கிறகரி


புன்னைத்துறை
25 செப்ரெம்பர் 2024

அன்புத் தம்பி,

உன் நாலு வரி கிடைத்தது. வேலைக் களைப்பில் எழுதியிருக்கிறாய். உடம்பைப் பார்த்துக்கொள். நான் சுகம்.

அப்படிக் கேட்டதற்காகக் குறை நினைக்காதே. முப்பத்தெட்டு வருடம் போனபின்னும் மனம் எதையாவது பிடித்துத் தொங்கப் பார்க்கிறது. அஞ்சரை என்றால் அஞ்சரைதான். அது வேறு வெளிச்சம். இனி இதைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

ஷெரோன் பிள்ளைகளின் படம் அனுப்பியிருந்தாள். பெரியவன் உன் அத்தான் றெனோல்டைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைத்தான் நினைத்தேன். நீ இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் ஏது? எங்கள் குடும்பத்தில் நடந்த கெடுதிக்குள் ஆண்டவர் எனக்குச் செய்த நன்மை நீ ஒருவன்தான்.

டிசம்பரில் நத்தாருக்கு அங்கே குளிரும். கம்பளிச் சட்டை போடு.

அன்பு அக்கா
பிலோமினா


மொன்றியல்
10 நவம்பர் 2024

அக்கா,

இதைக் கதிரையில் இருந்து வாசியுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

ஓகஸ்டில் நான் உங்களுக்கு எழுதியது பொய். பின்னேரப் பலூன் அஞ்சரைக்கு விடவேண்டியது என்பது உண்மை. 1986 பெப்ரவரி 21, வெள்ளிக்கிழமை, அதை நான் அஞ்சரைக்கு விடவில்லை.

அன்று பள்ளிக்கூட மைதானத்தில் கைப்பந்தாட்ட இறுதிப்போட்டி. நிலையத்தில் நான் தனி. அரை மணித்தியாலத்தில் வரலாம் என்று போனேன். ஆட்டம் இழுபட்டது. திரும்பி வரும்போது ஆறரை தாண்டிவிட்டது. இருட்டு. பலூன் விடாவிட்டால் கொழும்புக்கு அனுப்ப அளவு இல்லை, ஏனென்று கேட்பார்கள். தண்ணீரில் நனைத்தால் எரிகிற சின்னப் பற்றரி விளக்கு நிலையத்தில் இருந்தது. அதைக் கட்டி ஆறு நாற்பதுக்கு விட்டேன். தொலைநோக்கிக் கருவியால் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக் காற்றின் அளவுகளைப் பதிந்தேன். அளவெல்லாம் உண்மை. நேரத்தை மட்டும் 5.30 என்று எழுதினேன்.

வாடைக்காற்று அக்கா. பலூன் கரையில் இருந்து உள்ளுக்குப் போனது. உங்கள் வளவுக்கு மேலால்தான் போனது. நான் கருவிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் தென்னைகள் கீழே கறுப்பாகத் தெரிந்தன.

மறுநாள் காலை அத்தானைக் கொண்டுபோனார்கள். என்ன காரணம் என்று மத்தியானம் கேள்விப்பட்டேன். அப்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திங்கட்கிழமை முகாமில் இருந்து இரண்டு பேர் நிலையத்துக்கு வந்தார்கள். அவர்கள் கெட்டவர்களாக வரவில்லை, விசாரிக்கத்தான் வந்தார்கள். வெள்ளிக்கிழமை இருட்டியபின் விளக்குள்ள பலூன் ஏதும் போனதா என்று கேட்டார்கள். எங்கள் பொறுப்பதிகாரி பதிவேட்டை விரித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கிறகரி, வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு விட்டனி?"

"அஞ்சரைக்கு."

"விளக்கு?"

"இல்லை."

அவ்வளவுதான். அவர்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் சைகை காட்டியவன் நான்தான் என்று என்னைக் கொண்டுபோவார்கள் என்று பயந்தேன். எனக்கு இருபத்துநாலு வயது. அத்தானை ஒரு கிழமையில் விடுவார்கள், அவரிடம் ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சொன்னேன். ஒரு கிழமை ஒரு மாதமாயிற்று. அதற்குப் பிறகு சொன்னால், ஏன் முதலே சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அடுத்த வருடம் நான் இங்கே வந்துவிட்டேன். அவரை மூன்று வருடமும் எட்டு மாதமும் வைத்திருந்தார்கள். அவர் திரும்பி வந்தபோது நான் பிறந்தநாள் அட்டை அனுப்பினேன். அட்டை!

லாபெர்ஜின் கோப்பில் நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு தாள் இருக்கிறது. அதிகாரிகள் பக்கத்து வானிலை நிலையத்துக்கு எழுதிக் கேட்டபோது அங்கிருந்த ஊழியர் ஒருவர் அனுப்பிய பதில். "அன்று நான் வேலைக்குப் பிந்தி வந்தேன். பலூனை இருபத்திரண்டு நிமிடம் பிந்தி விட்டேன். பதிவேட்டில் அதை எழுதவில்லை. அந்த வெளிச்சம் என்னுடையது. அந்த மனிதரிடம் இதைத் தெரிவிக்கவும்." அவருக்கும் வேலை போயிருக்கலாம். எழுதினார்.

மாடாம் ஜோஸ்லின் அதை வாசித்துவிட்டு, "இந்த ஒரு ஆள் வாய் திறக்காவிட்டால் அந்தப் பால்காரர் சாகும்வரை குடிகாரர்தான். உங்கள் பலூனால் யாருக்கும் இப்படி வந்ததா?" என்று சாதாரணமாகக் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அவருக்கும் பொய்.

ஷெரோனை நான் கூப்பிட்டது அன்பினால் என்று நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள். அன்பும் இருந்தது. ஆனால் முதலில் இருந்தது இது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கிறகரி


மொன்றியல்
22 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். நத்தார் வாழ்த்து என்று எழுதக் கை கூசுகிறது.

நவம்பர் பத்தாம் திகதி எழுதிய கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் கொண்டுதிரிந்துவிட்டு, ஒரு காலை பெட்டியில் போட்டேன். இரண்டாம் நாள் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. ஒரு மாதம் ஒன்றும் அசையவில்லை. என் கடிதம் எங்கோ ஒரு மூட்டைக்குள் கிடந்திருக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வேலைநிறுத்தம் என்று கேட்டபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தபால் நிலையம் திறந்த அன்றே ஓடிப்போய், போட்ட கடிதத்தைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, "போட்டது போட்டதுதான், மெஸ்யூ" என்றாள். வீட்டுக்கு வந்து வெட்கப்பட்டேன்.

இன்னும் கிடைக்காவிட்டால், வருகிறது. கிடைத்திருந்தால், நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் எனக்கு விளங்கும். ஷெரோனுக்கு இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாள். கோழிக்கறியைக் கோப்பையில் போட்டு, "மாமா, முதல் நீங்கள் சாப்பிடுங்கோ" என்கிறாள். நான் சாப்பிடுகிறேன்.

கிறகரி


புன்னைத்துறை
27 ஜனவரி 2025

கிறகரி,

இரண்டு கடிதமும் கிடைத்தன.

ஷெரோனிடம் போ. உன் வாயால் சொல். அவளுடைய வீட்டுக்குப் போய்ச் சொல். உன் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லாதே. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு அப்படியே எழுது. அதுவரை எழுதாதே.

பிலோமினா


மொன்றியல்
2 மார்ச் 2025

அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி போனேன். நேற்றுச் சனிக்கிழமை. உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு சனிக்கிழமை போகாமல் விட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அக்காடி மெற்றோவில் ஏறி, ஜோன்-ரலோனில் மாறி, லவால் கடைசித் தரிப்புவரை போய், அங்கிருந்து பஸ். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. ஷெரோன் கதவைத் திறந்து, "என்ன மாமா, சொல்லாமல் கொள்ளாமல்? கோல் பண்ணியிருந்தால் வந்து ஏத்தியிருப்பனே" என்றாள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் மேலே விளையாடிக்கொண்டு இருந்தார்கள். அவள் வேலை செய்கிற சிறுவர் பராமரிப்பு நிலையத்துக்குக் கடதாசிப் பூக்கள் வெட்டி மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள்.

நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலில் நின்றே தொடங்கினேன். அவள் பிடித்து இருத்திவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பந்தாட்டம், விளக்கு, பதிவேடு, அந்த இரண்டு பேர். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

முடித்ததும் இன்னொரு பூவை வெட்டினாள். பிறகு கேட்டாள்.

"அப்பா திரும்பி வந்தாப் பிறகு அவற்ர கையை நீங்கள் பாத்தனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"வலக்கை விரல் மடியாது. வலை பிடிக்கேலாது. அவற்ர சட்டைக்குப் பொத்தான் நான்தான் போட்டு விடுறனான், அஞ்சு வயசில இருந்து. அம்மா போடமாட்டா. ஏனெண்டு எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில என்னைப் 'பட்டக்காரன்ர மோள்' எண்டு கூப்பிடுவினம். வீட்ட வந்து கேட்டால் அப்பா ஒண்டுதான் சொல்லுவார், 'நான் ஏத்தேல்லை மோள்'. அவ்வளவுதான். வேற கதையில்லை."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"மாமா, என்னை இஞ்ச கூப்பிட்டது இதுக்காகவோ?"

"ஓம்."

"நான் நல்லாப் படிச்சது, கலியாணம் கட்டினது, பிள்ளை பெத்தது எல்லாத்தையும் பாக்கேக்கை உங்களுக்கு உள்ளுக்க கொஞ்சம் கொஞ்சமாச் சுகமா இருந்ததோ?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல? அது உண்மை.

அப்போதுதான் அவள் கத்தரிக்கோலை வைத்தாள். மேலே இருந்து சின்னவன் ஏதோ கேட்டான். பிரெஞ்சில் பதில் சொன்னாள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு என் குளிர்ச்சட்டையை எடுத்துத் தந்தாள்.

"வாங்கோ, மெற்றோவில விடுறன். பஸ்ஸுக்கு நிண்டால் விறைச்சுப் போவியள்."

காரில் கூட்டிக்கொண்டு போனாள். நிலையத்தடியில் நிறுத்திவிட்டு முன்னால் பார்த்தபடி சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரேல்லை. எப்ப வருவம் எண்டு எனக்குத் தெரியாது. பிள்ளையளுக்கு நான் ஏதாவது சொல்லுறன்." நான் இறங்கினேன். அவள் உடனே போகவில்லை. நான் உள்ளே போகும்வரை காரின் விளக்கு எரிந்துகொண்டு நின்றது. அதற்கு நான் ஒரு அர்த்தமும் எடுக்கவில்லை.

இன்று ஞாயிறு. அவர்கள் வரவில்லை.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை மாடாம் ஜோஸ்லினிடம் என் பொய்யைத் திருத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வேலையை விட்டுப் போகவா என்று கேட்டேன். "போவது சுகம். இருந்து மிச்சப் பெட்டிகளை வாசியுங்கள்" என்றார்.

நீங்கள் மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்க எனக்கு இனி உரிமை இல்லை. ஆனாலும் எடுங்கள்.

கிறகரி


புன்னைத்துறை
22 ஏப்ரல் 2025

கிறகரிக்கு,

உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டு நாள். தவக்காலம் முழுவதும் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். ஷெரோனும் எனக்கு எழுதியிருக்கிறாள், தனக்குத் தெரிந்த தமிழில், ஆறு பக்கம். அதில் இருப்பது அவளுக்கும் எனக்கும்.

உன் நவம்பர்க் கடிதம் வந்த நாள் உன்னைத் திட்டினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக் குணேஸ்வரி ஓடிவந்தாள். அவளுக்கு உன் கடிதத்தை வாசிக்கக் கொடுத்தேன். இங்கே முதலில் தெரிந்தது அவளுக்குத்தான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து, ஷெரோனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒழுங்கை திரும்பும்போது எங்கள் கூரைக்கு மேலே அந்த வெளிச்சத்தைக் கண்டேன். மெல்ல ஆடி ஆடிப் போனது. நீ முதல் கடிதத்தில் வெளிச்சம் என்று எழுதியபோது எனக்குச் சோறு இறங்காதது அதனால்தான். ஓடிவந்து பார்த்தால் அவர் முற்றத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டு இருக்கிறார்.

"பட்டம் ஏத்தினனீங்களோ? பிள்ளை இருக்கிற வீடெல்லே இது!" என்று சத்தம் போட்டேன்.

"என்ன பட்டம்? விசரே உனக்கு?" என்றார்.

நான் நம்பவில்லை. பொங்கலுக்குக் கட்டிய பெரிய பட்டம் கூரை வளையில் தொங்கியது. என் கண்ணால் கண்டேனே.

காலையில் வந்தவர்களில் ஒருவனுக்குத் தமிழ் தெரியும். படலையில் நின்று என்னிடம்தான் கேட்டான்.

"நேற்று வெளிச்சம் கண்டனியோ?"

"ஓம்."

"எங்க?"

"எங்கட வீட்டுக்கு மேல."

உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். றெனோல்ட் எனக்குப் பின்னால் நின்றார். எல்லாம் கேட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்கமுடியாதது.

நீ பொய் சொன்னாய். நான் உண்மை சொன்னேன். இரண்டும் சேர்ந்து அவரை அங்கே வைத்திருந்தது.

வந்தபிறகு அவர் அதைப் பற்றி ஒரு நாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. சாவதற்கு முதல் வருடம் ஒருதரம் கேட்டார்: "பிலோ, இப்பவும் நம்பேல்லையோ?" நான், "விடுங்கோ, முடிஞ்ச கதை" என்றேன். சட்டைப் பொத்தான் ஏன் போடவில்லை என்று ஷெரோன் கேட்டாளாம். அந்தக் கையைத் தொட்டால் நான் 'ஓம்' என்று சொன்னது எனக்குக் கேட்கும். அதனால்தான்.

பெரிய வெள்ளிக்கிழமை காலமை சேமக்காலைக்குப் போனேன். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, அவருடைய கல்லுக்குப் பக்கத்தில் இருந்து, "நம்புறன்" என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா மெதுவாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியாது. இருபத்துநாலு வருடம் பிந்திவிட்டது.

சுவாமியிடம் சொன்னேன். உன் கடிதத்தைப் பூசையில் தான் வாசிப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். கடிதத்தைப் பார்த்து யாரும் ஒரு கேள்வியும் கேட்கமுடியாது. அன்றைக்குப் பட்டக்காரன் என்று அவரைக் காட்டிக் கதைத்தவர்களில் இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஆண்டுப் பூசை ஓகஸ்ட் மூன்றாம் திகதி, ஞாயிறு. நீ வரவேண்டும். பூசை முடிந்ததும் எழும்பி, எத்தனை மணிக்கு விட்டாய், என்ன எழுதினாய், என்ன சொன்னாய் என்று அவர்களுக்கு முன்னால் நீயே சொல்லவேண்டும். நீ சொல்லி முடித்ததும் நான் எழும்புவேன். எனக்கும் சொல்ல இருக்கிறது. ஷெரோனும் வருகிறாள். உன்னோடு ஒரே விமானத்தில் வரமாட்டாளாம்.

உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. எங்கே தங்குவது என்று யோசித்து ஹோட்டல் ஒன்றும் எடுக்காதே. வா என்று கூப்பிட வாய் இன்னும் வரவில்லை. ஆனால் நீ வருகிற அன்று கதவு பூட்டியிருக்காது.

பிலோமினா றெனோல்ட்